தீ வைத்தவனை மன்னித்த மகனுக்கு

செந்தில்,

நேற்று போனில் நீ "பாவம்மா அவன், விட்டுடலாம்" என்று சொன்னதும் நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன் அல்லவா? லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். லைன் எங்கேயும் போகவில்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் பெற்ற பிள்ளையிடம் பேசக்கூடாததெல்லாம் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நீ கொச்சியில் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நல்லதுதான், மெதுவாகப் படி. கோயம்புத்தூர் போனதிலிருந்து பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் தேறியிருப்பாய். படித்து முடித்ததும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் கூட்டாளிகளுக்குக் கட்டாயம் காட்டு. ஒளித்து வைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

வருகிற வாரம் தேவிகுளம் கோர்ட்டில் உன் வழக்கு. நீ அங்கே போய், காட்டில் தீ வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறாயாம். அபராதத்தை உன் காலேஜ் கூட்டாளி ஜிதின் கட்டுகிறானாம், அதோடு எல்லாம் முடிந்துவிடுமாம். அவனுக்கு முடிந்துவிடும், சரி. உனக்கு? துபாய் ஹோட்டலில் கிடைத்த வேலை, போலீஸ் சர்டிபிகேட் கிடைக்காமல் கைநழுவிப் போனதை மறந்துவிட்டாயா? குற்றவாளி என்று கோர்ட்டே எழுதிவிட்டால் அந்தக் கதவு இனி எப்போது திறக்கும்? ஹோட்டல் படிப்பு படித்துவிட்டு யாரோ ஒருவரின் மெஸ்ஸில் கூப்பன் கிழித்துக்கொண்டிருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னடாவென்றால் அவனுக்காக உச்சுக்கொட்டுகிறாய்.

அந்த மலைக்கு உன்னை அனுப்பியதே நான்தான். உன் அப்பா வேண்டாம் என்றார். கார்ப்பரேஷன் வேலையில் ஊர் முழுக்கக் குப்பை வண்டியோடு நடக்கிற மனிதருக்கு, நடப்பதற்காகவே காசு செலவழித்து மலைக்குப் போகிறார்கள் என்பது கடைசிவரை புரியவில்லை. "கூட்டுக்காரங்களோட போறான், போகட்டுமே, நாலு இடம் பாக்கட்டும்" என்று நான்தான் வாதாடினேன். ஷூ வாங்கித் தந்தேன். ஐந்து பேருக்கும் எலுமிச்சம்பழச் சோறு கிளறி, வாழையிலை போட்டுப் பெரிய டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். ஜிதின் வாசலில் காரை நிறுத்திவிட்டு நேராக அடுக்களைக்கு வந்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "அம்மே, இது மூணாறு வரைக்கும் இருக்காது கேட்டோ" என்று சிரித்தான். காலேஜ் நாட்களிலிருந்தே அவன் அப்படித்தான். நம் வீட்டில் கை கழுவாமலே தட்டை எடுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு தோசை கூடி" என்று உரிமையாக நிற்பான். இன்னொரு பிள்ளை என்றே நினைத்தேன். அவன் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அந்தத் தோசைகளுக்காகத்தான்.

மலையில் நடந்ததை நீ அழுதுகொண்டே சொன்னதால் எனக்கு முன்பின்னாகத்தான் வந்தது. நான் கோத்து வைத்திருப்பது இதுதான். சரியா என்று பார். வரையாடுகள் குட்டி போட்டு முடித்து, தேசியப் பூங்காவை மறுபடி திறந்திருந்த சமயம் அது. அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றியதில் மேலே புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. கூட வந்த வனத்துறை வாட்சர் அண்ணன் புறப்படும்போதே சொன்னார், பீடி சிகரெட் எதுவும் கூடாது, இந்தப் புல் கற்பூரம் மாதிரி பிடிக்கும் என்று. எல்லாரும் தலையாட்டினீர்கள். ஏறி முடித்து உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுவிட்டு, ஜிதின் ஒரு பாறைக்குப் பின்னால் போய் சிகரெட் பற்றவைத்தான். துண்டை அணைக்காமல் எறிந்தான். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. மற்ற நான்கு பேரும் கீழே ஓடினார்கள். நீ ஓடவில்லை. வாட்சர் அண்ணனோடு சேர்ந்து பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அடித்து, அந்தச் சரிவு முழுக்கப் போகாமல் தடுத்தாய். புருவம் கருகியது, கை வெந்தது, சட்டை பொத்தலானது. ரேஞ்ச் ஆபீசர் வந்து யார் செய்தது என்று கேட்டபோது, உடம்பில் தீயின் அடையாளம் இருந்தது உனக்கும் வாட்சருக்கும் மட்டும்தான்.

அங்கேதான் ஜிதின் உன் காதில் ஓதினான். "டா, நீ ஏத்துக்கோ. வாட்சர் உங்க ஆளு, தமிழ்ல ரெண்டு வார்த்த பறஞ்சா விட்டுடும். என் கனடா விசா போயிடும்டா." உங்கள் ஆள்! அத்தனை வருஷம் உன்னைப் பாண்டி பாண்டி என்று கூப்பிட்டுச் சிரித்தவனுக்கு, அன்றைக்குத்தான் தமிழனால் ஒரு பிரயோஜனம் தெரிந்தது. நீயும் நம்பினாய். தமிழில் பேசினால் தமிழன் விட்டுவிடுவான் என்று நம்பி, கேட்டவரிடம் "நான்தான் சார், தெரியாம நடந்துடுச்சு" என்று சொல்லிவிட்டாய். தமிழ் பேசினால் சட்டம் மாறுமா? நீ சொன்னதை எழுதினார்கள், நீ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாய். வனத்துறைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாட்சர் அண்ணன் பாவம், பற்றவைத்ததை அவர் பார்க்கவில்லை. பையன் நல்லவன், தீயை அணைத்தான் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

நானும் அப்பாவும் பஸ் பிடித்து மலையேறி வந்தபோது, அந்த ஆபீஸ் பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாய். உன் ஒருவனைத் தவிர மற்றவர்கள் காரில் கொச்சிக்குத் திரும்பியாகிவிட்டது. போகிற போக்கில் உன் பையை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திறந்து பார்த்தேன். என் டப்பா கிடந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை, கழுவவும் இல்லை. புளித்த வாடை அடித்தது. உன்னைப் பார்த்து வந்த அழுகை அந்த டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் இன்றுவரை எனக்கு இந்த விஷயத்தில் அழுகை வந்ததே இல்லை. எரிச்சல்தான் வருகிறது. ஜாமீனில் வெளியே வந்த பிறகு நீ அவனுக்கு எத்தனை தடவை போன் செய்தாய், நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். எடுக்கவில்லை. அந்தக் கனடா விசாவும் அவனுக்குக் கிடைக்காமல் போய், அப்பாவின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று நான் கடையில் பாயசம் வாங்கிக் குடித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "அப்படியெல்லாம் நினைக்காதம்மா" என்பாய்.

நீ பிறந்ததிலிருந்தே இப்படித்தான். இரண்டாம் வகுப்பில் ஒருவன் உன் புதுக்குடையைப் பிடுங்கிக்கொண்டு போனான். நனைந்து வந்து, "நான்தாம்மா குடுத்தேன்" என்றாய். நான் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். மழை பெய்தது, எழுந்திருக்கவில்லை. அவர்கள் சாயா கொண்டு வந்து நீட்டினார்கள், வாங்கவில்லை. கடைசியில் அந்தப் பையனின் அப்பா குடையோடு வெளியே வந்தார். குடையை உன் கையில் கொடுத்தால், உனக்குச் சந்தோஷம் வருவதற்குப் பதிலாக அவமானம் வந்தது. "எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்று என் முந்தானையை இழுத்தாய். ஊரார் பார்ப்பதற்குத்தான் நான் போய் உட்கார்ந்தேன் என்பது அன்றைக்கும் உனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஜிதினின் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை, ஆனால் நான் போயிருந்தேன். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், திருப்பூணித்துறையிலிருந்து ஒரு சேட்டன், கோவில் நடையில் உள்ள நம் பூக்கடைக்கு வந்தார். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், தலைநிறைய முல்லைப்பூ வேண்டும், மண்டபத்துக்கே கொண்டு வந்து வைத்தும் தரவேண்டும் என்றார். நல்ல பூ எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில் என் பெயரைச் சொன்னார்களாம். வழி தெரிவதற்காகக் கல்யாணக் கார்டைத் தந்தார். மாப்பிள்ளை போட்டோவில் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஆகட்டும் சேட்டா, நானே வரேன்" என்றேன். உன் அப்பாவிடம்கூட யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லவில்லை.

அந்த நாட்களில் நான் போட்ட திட்டங்களைக் கேட்டால் உனக்குத் தூக்கம் வராது. போகாமலே இருந்துவிடலாம், வெறுந்தலையோடு பெண் நிற்கட்டும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், எறும்பு பிடித்த பூவாகப் பார்த்துக் கட்டலாமா என்று யோசித்தேன். மணமேடையில் அவள் பரபரவென்று தலையைச் சொறிய, வீடியோக்காரன் அதையும் எடுப்பதை நினைத்து நூல் சுற்றும்போதே தனியாகச் சிரித்தேன். ஆனால் கை கேட்கவில்லை. என் கடைப் பூவை யாரும் ஒரு குறை சொல்ல விட்டதில்லை, அவனுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. கடைசியில் ஒன்றை முடிவு செய்தேன். பூ வைக்கும்போது அந்தப் பெண் அசையாமல் என் கைக்குள் உட்கார்ந்திருப்பாள். எழுந்து ஓட முடியாது. அப்போது அவள் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது.

போனேன். பெண்ணின் பெயர் ஆதிரா. மேக்கப் செய்கிறவர்கள், மாமிகள், பெட்டிகள் என்று அறை நிரம்பிக் கிடந்தது. நான் பூக்கூடையோடு ஓரமாக நின்றேன். அந்தக் கூட்டத்தில் அந்தப் பெண்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மே, சாயா குடிச்சோ? ஆரெங்கிலும் அம்மைக்கு ஒரு கசேர கொடுக்கு" என்றாள். நாற்காலி வந்தது, சாயா வந்தது. நான் சாயாவைத் தொடவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பூவைச் சுற்றினேன். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவள் மேல் இரக்கம் வந்து அடக்கிக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. சொன்னால் அவன் ஒரே வார்த்தையில் இல்லை என்றுவிடுவான், பூக்காரி பொறாமையில் பேசினாள் என்று எல்லாரும் சேர்ந்து என்னை வெளியே அனுப்புவார்கள், சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்குள் மறந்தும் போவார்கள். அவ்வளவு மலிவாக அவனை விட எனக்கு விருப்பமில்லை.

தாலி கட்டி முடிந்து, பெண் புடவை மாற்ற வந்தபோது மறுபடி பூவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. போட்டோக்காரன் மாப்பிள்ளையையும் அறைக்குள் கூப்பிட்டான், இரண்டு பேரையும் கண்ணாடியில் சேர்த்து எடுப்பதற்கு. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தவன், கண்ணாடியில் பெண்டாட்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நீ பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு இன்றுவரை வருத்தம். சிரிப்பு அப்படியே இருக்கிறது, ரத்தம் மட்டும் இறங்கிவிட்டது. நான் அவனைப் பார்த்துக்கொண்டே குனிந்து, அந்தப் பெண்ணின் காதில், "தலையக் கொஞ்சம் தாழ்த்து மோளே, பின் குத்திடும்" என்றேன். அவள் தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் தூக்கி அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் சொன்னது அவ்வளவுதான். அவனுக்கு அது தெரியாது.

மூன்றாம் நாளே கடைக்கு வந்துவிட்டான். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நடந்து வந்தான். "அம்மே, அவகிட்ட என்ன பறஞ்சீங்க?" என்றான். "வரிசையில நில்லு, ஆளு நிக்கிறது தெரியல?" என்றேன். நின்றான். ஆள் போனதும் கேட்டான். பூ வாடுது, அப்புறம் வா என்றேன். மறுபடி வந்தான். பெண்டாட்டி எதற்காகவாவது பேசாமல் இருந்தால் போதும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று இவனுக்கு உதறல். எதற்காகவாவது சிரித்தாலும் உதறல். புதுமாப்பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. நான் ரொம்ப அனுபவித்தேன், செந்தில். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஒருநாள் கடைசியாகச் சொன்னேன்: "கோர்ட்டுக்கு வந்து தீ வச்சது நான்னு சொல்லு. அன்னைக்குச் சொல்றேன், அவகிட்ட நான் என்ன சொன்னேன்னு." தீ வைத்தவனே வந்து ஒத்துக்கொண்டால் உன் வழக்கு நிற்காது என்று வக்கீல் மேடம் ஆரம்பத்திலேயே சொன்னார்கள் அல்லவா? அவன் தலையாட்டிவிட்டுப் போனான். போனவன் எனக்குத் தெரியாமல் உன்னைப் பிடித்து அழுதிருக்கிறான். நீயும் உருகிவிட்டாய்.

நேற்று உன் போனை வைத்ததும் பழைய புடவையை மாற்றினேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, படகு பிடித்து வைப்பின் தீவில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். ஆதிராதான் கதவைத் திறந்தாள். உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள், "பூவம்மே!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். நடு ஹாலில், அவன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில், சோபாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். துண்டு கையிலேயே நின்றுவிட்டது. "ஜிதின் மோனே, அடுத்த வாரம் கோர்ட்டுக்கு என் கூட வர்றேல்ல?" என்றேன். சத்தம் போடவில்லை. பூ விலை சொல்கிற குரலில்தான் கேட்டேன்.

"எந்து கோர்ட்டு?" என்றாள் ஆதிரா.

"ஜிதின் சொல்லும்" என்று சொல்லிவிட்டு மடியில் கையைக் கட்டிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "அது ஒண்ணுமில்ல, பண்டு ஒரு ட்ரிப் போயப்போ..." என்று இழுத்தான். அவள், "அன்னு காட்டில் தீயிட்ட பாண்டி கூட்டுகாரன்றெ காரியமோ?" என்று கேட்டாள். கேட்டாயா? இவன் பெண் பார்த்த காலத்திலேயே உன் கதையை அவளிடம் தமாஷாகச் சொல்லியிருக்கிறான். பாண்டிக் கூட்டாளி காட்டுக்குத் தீ வைத்தானாம், இவர்தான் உயிரைக் கொடுத்து அணைத்தாராம். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. "அந்தப் பாண்டியோட அம்மா நான்தான் மோளே" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து போய் அவன் எதிரே நின்றாள். "பறய்" என்றாள். அப்புறம் அவன் வாயாலேயே எல்லாம் வந்தது. சிகரெட் வந்தது, பாறை வந்தது, உன் காதில் ஓதியது வந்தது. நேற்று உன்னிடம் அழுததும் வந்தது. நான் பாட்டுக்கு உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அம்மே, ஞானும் வராம்" என்றாள். அவன் காரில் போகலாம் என்று மெதுவாக ஆரம்பித்தான். வேண்டாம், பஸ்தான் என்றேன். அவளே போனை எடுத்து மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாள்.

நீ அவனை மன்னித்தது உன் பங்கு, அதை வைத்துக்கொள். என் பங்கை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, நீ எனக்காகக் கொடுக்கவும் முடியாது. நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்து, கோர்ட்டில் கேட்டால் "நான் வைக்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொல். அது பொய்யில்லை, மன்னிப்புக்கு எதிரானதும் இல்லை. மிச்சத்தை அவன் சொல்வான். அவன் முகம் வாடுவதைப் பார்த்து உனக்கு மறுபடி பாவமாக இருந்தால், கண்ணை மூடிக்கொள்.

வைட்டிலாவில் காலை முதல் பஸ். மூன்று பேர் சீட். ஜன்னலோரம் ஆதிரா, இந்தப் பக்கம் நான், நடுவில் அவன். அவள் காதில் அன்றைக்கு என்ன சொன்னேன் என்று நான் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை, வழியிலும் சொல்லப் போவதில்லை. மலையேறும் வரை பேசுவதற்கு ஆதிராவிடமும் என்னிடமும் நிறைய இருக்கிறது. அங்கே போய் அவன் வாயைத் திறக்கவில்லை என்றால், திரும்பி வருவதற்கும் அதே சீட்டுதான்.

அம்மா